மாடியிலிருந்து இறங்கும் வயர்

டிவியின் சத்தத்தை முழுவதும் நிறுத்திய பிறகும் ஹாலில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். திரையில் செய்தி வாசிக்கும் பெண் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். எதிர்ச் சுவரோரம் இடுப்பளவு உயரத்தில் நிற்கும் இரண்டு மர ஸ்பீக்கர்களில் இடது பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து, அதன் துணி உறைக்குப் பின்னாலிருந்து, அது வந்தது: மெதுவாக இழுத்து, நடுவில் ஓரிடத்தில் தட்டுத் தடுமாறி, பிறகு சின்ன விசிலோடு வெளியேறும் மூச்சு. பழைய ஆம்ப்ளிஃபயர் என்றால் இரைச்சல் இருக்கத்தானே செய்யும், அதுவும் ஒரு வருஷம் சும்மா கிடந்த சாமான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் இரைச்சல் என்றால் ஒரே சீராக அல்லவா இருக்க வேண்டும்? இது ஏறி இறங்கியது. சமையலறையில் அண்ணி குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் அது அமுங்கிப்போனது. குழாயை மூடியபோது அதுவும் நின்றிருந்தது.

அன்று காலையில்தான் மெக்கானிக் வந்துவிட்டுப் போயிருந்தார். டிவிக்குள் இருந்த ஸ்பீக்கர் இரண்டு வாரம் தொண்டை கட்டினாற்போல் கத்திவிட்டு ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டது. மெக்கானிக் பின்மூடியைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த மாடலுக்கு ஸ்பீக்கர் இப்ப வர்றதில்ல சார்." திரும்பியவரின் கண்ணில் எதிர்ச் சுவர் பட்டது. "அடேங்கப்பா. இவ்ளோ பெரிய செட்டை வீட்ல வெச்சுக்கிட்டா என்னைக் கூப்பிட்டீங்க? டிவி சத்தத்தை இதுக்குள்ள விட்டா தியேட்டரே தோத்துடும்."

"நடுவுல பன்னிரண்டு அடி இருக்கே. வயர் இழுக்கணும்ல," என்றான் அவன். வயர் இழுக்க வேண்டியதே இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

மெக்கானிக் டிவி மேசையை முன்னால் நகர்த்தி, பின்னால் டார்ச் அடித்தார். "எதுக்கு இழுக்கறது? செவுத்துக்குள்ளயே போட்டு வெச்சிருக்காங்களே. யாரு சார் போட்டது? வேலை சுத்தமா இருக்கு."

சுவரில் சின்னதாக ஒரு தகடு. அதில் சிவப்பாக ஒரு துளை, வெள்ளையாக ஒரு துளை. அங்கிருந்து சுவருக்குள்ளேயே ஓடும் வயர் ஆம்ப்ளிஃபயரின் முதுகில் போய் முடியும். அந்த இரண்டு துளைகளிலும் ஏற்கெனவே சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பின்கள் தூசி படிந்து செருகியிருந்தன. அவற்றின் வயர் கூரையோரத் துளை வழியாக மாடிக்கு ஏறியது.

"இது மேலேருந்து வருது. வேணுமா, எடுத்துடலாமா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் சமையலறை வாசலிலிருந்து அண்ணி சொன்னாள். "எடுத்துடுங்க. அதுக்கு இனிமே வேலை இல்ல."

மெக்கானிக் இரண்டு பின்களையும் ஒன்றாகப் பிடித்து இழுத்தார். டக். அந்தச் சத்தத்தை அவன் இதற்கு முன்னாலும் ஒருமுறை கேட்டிருக்கிறான், அப்போது இழுத்தது அவன் கை.

அண்ணன் மைக் செட்காரர். கல்யாணம், பொதுக்கூட்டம், பள்ளி விளையாட்டு விழா என்று ஊரில் எங்கே நாலு பேர் கூடினாலும் அங்கே அவருடைய ஸ்பீக்கர் நிற்கும். எந்த மைக்கைக் கையில் எடுத்தாலும் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் பேசுவார், வீட்டில் போனை எடுத்தாலும் அதே பழக்கம். "மைக் டெஸ்டிங் பண்ணாம பொண்டாட்டிகிட்ட கூட பேச மாட்டாரு," என்று அண்ணி கிண்டல் செய்வாள். அண்ணி அந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது, அம்மா இல்லை. சட்டைக்குப் பித்தான் தைத்ததிலிருந்து டிரைவிங் ஸ்கூலில் வேலை வாங்கிக் கொடுத்தது வரை அவள்தான். முப்பத்தெட்டு வயதாகியும் அவன் அண்ணனுக்குப் 'பொடியா', அண்ணிக்குத் 'தம்பி'.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. குரலும் படிக்கட்டைத் தாண்டாத அளவுக்குக் குறுகிப்போனது. இடது கையால் ஒரு தாளில் கோணல்மாணலாகப் படம் போட்டுக் காட்டினார்: கட்டில் பக்கத்தில் ஒரு மைக், அங்கிருந்து வயர், டிவி பின்னால் தகடு, பிறகு ஹாலில் ஆம்ப். அவன்தான் போட்டுக் கொடுத்தான். அதன்பிறகு ஏழு மாதம், பகல் ராத்திரி எந்நேரமும், அண்ணனின் மூச்சு ஹால் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டே இருந்தது. ஏதாவது வேண்டுமென்றால் இரண்டு தட்டு. பிறகு குழறலாக "பொடியா". தண்ணீர், தலையணை, ஜன்னல், மறுபடி தண்ணீர். அவன் போகாமல் இருந்ததில்லை. ஆனால் சாப்பிடும்போது அந்த மூச்சு, ஷேவ் செய்யும்போது அந்த மூச்சு, கண்ணை மூடினால் அந்த மூச்சு. சில நாள் டிரைவிங் ஸ்கூல் காரில், பக்கத்து இருக்கைக்காரனுக்கென்று வைத்திருக்கும் அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தபடி, கற்றுக்கொள்கிறவர் வண்டியைச் சுவரில் மோதினால் கூடத் தேவலை, கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் நிம்மதியாகப் படுக்கலாம் என்று நினைத்திருக்கிறான்.

போன வருஷம் ஒரு நாள் கால்பந்து இறுதி ஆட்டம். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கியது. ஏழு மாதத்தில் முதல்முறையாக அண்ணி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். "ஒன்பது மணிக்குள்ள வந்துடறேன். காதை இங்கயே வெச்சிரு தம்பி," என்று செருப்பை மாட்டும்போது சொன்னாள். அவன் தலையாட்டினான். வாசல் கேட் மூடிய சத்தம் கேட்டதும் டிவி பின்னால் போய், மைக்கின் பின்களை இழுத்துவிட்டு, டிவியின் வயரைச் செருகினான். டிவியில் அப்போது சொந்த ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது. ஆட்டம் பார்க்க அதுவே போதும். அவனுக்கு வேண்டியிருந்தது தொண்ணூறு நிமிடம் அந்த மூச்சு கேட்காத வீடு. இதை எந்தப் பக்கம் திருப்பிப் பூசி மெழுகினாலும் உள்ளே இருப்பது அதுதான்.

தொண்ணூறு நிமிடத்தில் ஆட்டம் முடியவில்லை. எக்ஸ்ட்ரா டைம் அரை மணி. அதிலும் முடியாமல் பெனால்டி. கடைசிப் பந்து வலைக்குள் போனபோது அவன் சோபாவின் மேல் ஏறி நின்று கைதட்டினான். பிறகு மாடிக்குப் போனான்.

அண்ணன் கட்டிலின் ஓரத்துக்கு வந்திருந்தார். டம்ளர் தரையில் கிடந்தது, தண்ணீர் கதவு வரை ஓடியிருந்தது. மைக் ஸ்டாண்டில் இல்லை. இடது கை விரல்கள் அதை வாயோடு அழுத்திப் பிடித்திருந்தன, கம்பி வலை எச்சிலில் நனைந்திருந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று சொல்ல ஒரு மைக்குக்குத் தெரியாது. தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, பொடியன் வந்துகொண்டிருக்கிறான் என்று காத்திருந்திருப்பார்.

அவன் விரல்களைப் பிரித்தான். வலையைத் தன் சட்டையால் துடைத்தான். மைக்கை ஸ்டாண்டில் வைத்தான், டம்ளரை எடுத்து வைத்தான், தரையைத் துடைத்தான், கீழே வந்து பின்களை மாற்றிச் செருகினான். ஸ்பீக்கரில் ஒன்றுமே வரவில்லை. அண்ணி வந்தபோது, "ஒரு சத்தம் கூட இல்ல அண்ணி, தூக்கத்துலயே போயிட்டாரு," என்று வாய் கூசாமல் சொன்னான். அன்று நடந்ததில் ஒன்றை மட்டும் அவன் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

செவ்வாய்க்கிழமை, விளம்பர இடைவெளியில், ஸ்பீக்கர் தொண்டையைக் கனைத்தது.

புதன்கிழமை அவன் வேண்டுமென்றே வீட்டுக்குத் தாமதமாக வந்தான். ஆறே கால். அண்ணி சோபாவில் உட்கார்ந்து மடியில் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். டிவியில் ஏதோ தொடர் ஓடியது. சூடேறிய ஆம்பிலிருந்து தூசி கருகும் வாசனை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை, கை கால் தேய்க்கும் தைலமும் முகப் பவுடரும் கலந்தது, அந்த வீட்டில் ஒரு வருஷமாக இல்லாதது. தொடரில் யாரோ கதவைத் திறந்தார்கள், யாரோ அழுதார்கள், இரண்டுக்கும் நடுவில் நகத்தால் இரண்டு தட்டு கேட்டது. அண்ணியின் கை துணியின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு மடித்தாள்.

"சத்தம் நல்லா இருக்குல்ல," என்றாள். "ரொம்ப நாளைக்கு அப்புறம் வீட்ல ஆள் இருக்கற மாதிரி இருக்கு."

அவன் டிவி மேசையோரம் போனான். பின்னால் எட்டிப் பார்த்தான். மெக்கானிக் விட்டுப்போன மாதிரியே மாடி வயர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்புப் பின், வெள்ளைப் பின், இரண்டும் காற்றில். எதிலும் படவில்லை.

வியாழக்கிழமை அது பேசியது. "ப்... பொ... டியா." திரையில் பாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஒரு சிறுமி பாடி முடித்து எல்லோரும் கைதட்டும்போது அந்தக் கைதட்டலுக்குக் கீழே, பொறுமையாக, கோபமே இல்லாமல். அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. ஒரு திட்டு திட்டியிருந்தால் கூட மனசு ஆறியிருக்கும். அவனுக்கு மெல்லப் புரிந்தது. அன்று ஆறு மணிக்கு மேல் இந்த வயரில் வந்திருக்க வேண்டியது எல்லாம், அவன் கேட்காமல் விட்டது எல்லாம், ஒன்றையும் விடாமல் வரிசையாக வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் அண்ணி தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள். "தம்பி, அன்னிக்கு அவர் கூப்பிடவே இல்லல்ல?"

"ஏன் அண்ணி திடீர்னு?"

"ஒண்ணுமில்ல. நான் போயிருக்கக் கூடாதுன்னு அடிக்கடி தோணும். அப்புறம் நீ இருந்தியே, அவர் கூப்பிட்டிருந்தா ஓடியிருப்பியேன்னு நினைச்சுப்பேன். கூப்பிடலன்னு நீ சொன்ன அந்த ஒரு வார்த்தைலதான்பா எனக்குத் தூக்கமே வருது."

சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. சொன்னால் அண்ணி கத்த மாட்டாள். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு தன் அறைக்குப் போவாள், அவ்வளவுதான். நாளையிலிருந்து அவனைத் தம்பி என்று கூப்பிட அந்த வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அவன் தண்ணீரைக் குடித்தான். "கூப்பிடல அண்ணி. சத்தியமா," என்றான்.

அவள் அவன் தலையை லேசாகத் தடவிவிட்டுப் போனாள். ஹாலில், அணைத்து வைத்திருந்த ஆம்பிலிருந்து, இரண்டு தட்டு கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள், அந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக. செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒன்பது மணிக்குள்ள வந்துடறேன்," என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. கேட் மூடியது. மணி ஐந்தே முக்கால். ஜன்னலுக்கு வெளியே வெயில் இன்னும் மிச்சம் இருந்தது, எதிர்வீட்டு மாடியில் யாரோ போர்வையை உதறிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கே இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும், அண்ணி வருவதற்குள், என்று அவன் எழுந்தான்.

டிவியின் பிளக்கைப் பிடுங்கினான். தகட்டிலிருந்து அதன் வயரையும் இழுத்தான். ஆம்பை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஸ்பீக்கர் வயர்களையும் ஒவ்வொன்றாக உருவிச் சுருட்டிச் சோபாவில் போட்டான். ஆம்பின் மஞ்சள் விளக்கு மெதுவாக மங்கி அணைந்தது. வீடு முழுக்க அமைதி. சுவர்க் கடிகாரம் மட்டும். அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

தட். தட்.

ஸ்பீக்கரில் இல்லை. சுவருக்குள். தகட்டுக்குப் பின்னால், மாடி வயர் ஏறும் பக்கம், கொஞ்சம் மேலே. பிறகு இன்னும் மேலே.

மறுமுனை மாடியில் இருக்கிறது. மைக்கைக் கழற்றி எங்காவது தூக்கி எறிந்தால் முடிந்தது. அவன் படிக்கட்டில் ஏறினான். ஒவ்வொரு படியிலும் தைல வாசனை கூடியது. கதவு சாத்தியிருந்தது, பூட்டு இல்லை. உள்ளே எல்லாம் அண்ணி வைத்திருந்தபடியே: விரிப்பு போட்ட கட்டில், ஜன்னல் திரை, ஸ்டாண்டில் மைக், பக்கத்து ஸ்டூலில் ஒரு டம்ளர் தண்ணீர். தினமும் காலையில் அண்ணி அந்தத் தண்ணீரை மாற்றி வைப்பாள். ஏன் என்று அவன் கேட்டதில்லை.

மைக்கை எடுத்தான். கம்பி வலை நனைந்திருந்தது.

அதன் வயரைப் பிடுங்க நினைத்தான். வலது கை கேட்கவில்லை. விரல்கள் தாமாகவே விரிந்தன. மைக் நழுவிப் படுக்கையில் விழுந்தது. கை தோளிலிருந்து தொங்கியது, யாருடையதோ போல. பிறகு வலது முழங்கால் மடங்கியது. கட்டிலில் விழுந்தான்.

பயந்துவிட்டேன், அவ்வளவுதான். எழுந்து உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

எழ முடியவில்லை.

கீழே ஒரு விசில் ஊதியது.

விசிலுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பேரின் ஆரவாரம். தரை வழியாக, கட்டில் கால் வழியாக, முதுகுக்குள் ஏறியது. அவன் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் வந்தான். ஒவ்வொன்றையும். தன் கையால்.

வர்ணனையாளர் வீரர்களின் பெயர்களைச் சொன்னார். அதே பெயர்கள். அதே ஆட்டம். சோபா கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்தார்கள்.

"ஐயோ, போச்சே," என்றது கீழே ஒரு குரல். பிறகு சிரித்தது.

அது அவன் குரல்.

"அண்ணி" என்று கத்தினான். நாக்கு புரளவில்லை. வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. எச்சில் வழிந்தது. கீழே இருந்தவன் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். இடது கால் தானாக மெத்தையை அழுத்தியது, பிரேக்கைத் தேடி.

நெஞ்சுக்குள் ஏதோ இறுகியது. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

இடது கை மட்டும் இருந்தது. மைக்கைத் துழாவி எடுத்தான். நகத்தால் தட்டினான். இரண்டு தட்டு. வாயோடு வைத்தான். மூச்சு அதில் பட்டுத் திரும்பியது: இழுத்து, நடுவில் தடுமாறி, சின்ன விசிலோடு. அந்த மூச்சு அவனுக்குத் தெரியும்.

மறுபடி தட்டினான். பின்கள் சுவரோரம் தொங்குகின்றன. சிவப்பும் வெள்ளையும். எதிலும் படாமல். தெரிந்தும் தட்டினான்.

ஜன்னலில் வெளிச்சம் குறைந்தது. கீழே பாதி ஆட்டம் முடிந்தது. விளம்பரங்கள் வந்தன. யாரும் படியேறவில்லை. மறுபடி விசில்.

இன்னும் நாற்பத்தைந்து நிமிடம். பிறகு எக்ஸ்ட்ரா டைம். பிறகு பெனால்டி. பிறகுதான் வருவான். வந்து விரல்களைப் பிரிப்பான். வலையைத் துடைப்பான். ஒன்பது மணிக்கு அண்ணி வருவாள், கேட்பாள், கீழே இருப்பவன் பதில் சொல்வான். என்ன சொல்வான் என்று தெரியும்.

மூச்சு முட்டியது. ஸ்டூல் கண்ணில் பட்டது. டம்ளர்.

கையை நீட்டினான். எட்டவில்லை. கட்டிலின் ஓரத்துக்குத் தன்னை இழுத்தான். இன்னும் கொஞ்சம். விரல் நுனி பட்டது. தள்ளினான்.

டம்ளர் தரையில் விழுந்து கணீரென்று அதிர்ந்து உருண்டது. வீடே கேட்டிருக்கும்.

கீழே சிரிப்பு நின்றது.

சோபா கிறீச்சிட்டது. எழுந்துவிட்டான். கேட்டுவிட்டது. அன்றும் கேட்டது. எழுபதாவது நிமிடத்தில் மேலே ஏதோ விழுந்த சத்தம் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது, எழுந்து நின்றான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஒரு வருஷமாகத் தனக்கே சொல்லாமல் வைத்திருந்தான்.

வேண்டாம். டேய். வேண்டாம்.

காலடிகள் ஹாலைக் கடந்தன. படிக்கட்டு இடது பக்கம் இருக்கிறது. அவை வலது பக்கம் போயின. ஆம்ப் இருக்கும் பக்கம். நின்றன. வால்யூம் குமிழ் எத்தனை திருப்பு திரும்பும் என்று அவனுக்குத் தெரியும்.

ஆரவாரம் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. டம்ளரிலிருந்து கொட்டிய தண்ணீர் கதவை நோக்கி ஓடிக்கொண்டே, அந்தச் சத்தத்தில் சின்னச் சின்னதாக நடுங்கியது.